பல் சீரமைப்பில் மாடல்: பிளாஸ்டரிலும் திரையிலும் பிழை நுழையும் இடங்கள்

நாற்காலியில் சாய்ந்திருப்பவரின் வாய்க்குள் எட்டிப் பார்த்தால் முன்பக்கமும் இரு கன்னப்பக்கங்களும் தெரியும். நாக்குப் பக்கத்திலிருந்து பற்கள் எப்படிக் கடிக்கின்றன என்பது தெரியாது. மேல் கடைவாய்ப்பல்லின் அண்ணப்பக்க முகடு கீழ்ப்பல்லின் குழியில் உட்கார்ந்திருக்கிறதா, தொடாமல் தொங்கிக்கொண்டிருக்கிறதா என்பதை மாடலை, அதாவது மேல் கீழ் பல்வரிசைகளின் பிரதியை, பின்பக்கமாகத் திருப்பிப் பார்த்தால்தான் சொல்ல முடியும். எக்ஸ்ரேயும் புகைப்படமும் இதைக் காட்டாது. மாடல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு முதலில் இந்தப் பின்பக்கத்தைக் காட்டினாலே போதும்.

அச்செடுத்து ஊற்றும் பிளாஸ்டரா, வாயை ஸ்கேன் செய்து திரையில் பார்க்கும் டிஜிட்டலா என்ற கேள்வி அடுத்து வரும். ஒழுங்காக எடுத்திருந்தால் இரண்டிலும் திட்டமிடலாம். திட்டம் கெடுவது பெரும்பாலும் கடியைப் பதிவு செய்த இடத்தில்தான். அதற்கு அடுத்து, அளவெடுத்த கையில். இந்த இரண்டு இடங்களையும் இறுக்கிப் பிடித்துவிட்டால் மற்றவை சமாளிக்கக்கூடியவை.

அச்சுக்கு முன்பே எழுத வேண்டியவை

ஆல்ஜினேட் (பல் அச்செடுக்கும், நீரில் கலந்தால் இறுகும் தூள்) கலக்கும் முன்பும் ஸ்கேனரைக் கையில் எடுக்கும் முன்பும் வாயில் நேரடியாக அளந்து ஐந்து விவரங்களைக் கேஸ் ஷீட்டில் எழுதிவிட வேண்டும்: ஓவர்ஜெட் (மேல் முன்பற்கள் கீழ் முன்பற்களுக்கு முன்னால் நீட்டியிருக்கும் தூரம்), ஓவர்பைட் (அவை கீழ் முன்பற்களை மேலிருந்து மறைக்கும் உயரம்), இரு பக்கமும் கடைவாய்ப்பல் உறவு, இரு பக்கமும் கோரைப்பல் உறவு, மேல் கீழ் நடுக்கோடுகளின் விலகல். எல்லாம் மில்லிமீட்டரில். ‘கிளாஸ் 2’ (கீழ்ப்பற்கள் இருக்க வேண்டிய இடத்துக்குப் பின்னால் நிற்பது) என்று மட்டும் எழுதி வைத்தால் பிறகு ஒப்பிட உதவாது. ‘வலது கோரைப்பல் 3 மி.மீ. கிளாஸ் 2, இடது 1.5’ என்று எழுதினால்தான் மாடல் வந்த பிறகு அது பொய் சொல்கிறதா என்று பிடிக்க முடியும்.

இதோடு ஆறாவதாக ஒன்று. தாடையைத் தளரவிட்டு மெதுவாக மூடச் சொன்னால் முதலில் எந்தப் பல் தொடுகிறது, அங்கிருந்து முழுக்கடிக்கு எந்தப் பக்கம், எவ்வளவு நகர்கிறது என்று பார்க்க வேண்டும். எந்த மாடலாலும் இதைச் சொல்ல முடியாது. மாடல் முழுக்கடியில் உறைந்து நிற்கும் ஒரு நிலை, அவ்வளவுதான். குழந்தைகளில் ஒரு பக்கம் மட்டும் தெரியும் கிராஸ்பைட் (மேல்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே கடிப்பது) பலமுறை இரு பக்கமும் குறுகிய மேல்தாடைதான். குறுகிய வளைவில் முகட்டுக்கு முகடு முட்டுவதால் கீழ்த்தாடை ஒரு பக்கம் ஒதுங்கி உட்கார்கிறது. மாடலை மட்டும் பார்த்தவர் ஒரு பக்க விரிப்புக்குத் திட்டம் போடுவார். வாயில் நகர்வைப் பார்த்தவர் இரு பக்கமும் விரிப்பார்.

ஆல்ஜினேட்

ட்ரே கடைசிக் கடைவாய்ப்பல்லைத் தாண்டி நிற்க வேண்டும். பல்லுக்கும் ட்ரேக்கும் நடுவே குறைந்தது 3 மி.மீ. ஆல்ஜினேட் இருக்க வேண்டும். அதைவிட மெல்லியதானால் கழற்றும்போது கிழியும், அல்லது நசுங்கி மீளாமல் நின்றுவிடும். சீரமைப்பு மாடலில் ஈறுக்கு மேலுள்ள மடிப்பு வரை பதிவாக வேண்டும் என்பதால் ட்ரே விளிம்பில் மெழுகு சுற்றி உயர்த்துவது நல்லது. பிரேஸ் ஒட்டிய பற்கள் என்றால் பிராக்கெட்டின் அடிப்பக்கத்தையும் கம்பியின் அடியையும் மென்மெழுகால் அடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆல்ஜினேட் அங்கே பூட்டிக்கொண்டு கிழியும்.

தூளும் நீரும் தயாரிப்பாளர் தரும் அளவுக் கரண்டியிலும் குவளையிலும்தான். டப்பாவை மூடியபடி ஒருமுறை குலுக்கி, தூசி அடங்கிய பிறகு திறந்து அள்ள வேண்டும். தண்ணீர் 20 முதல் 23 டிகிரிக்குள். இறுகும் நேரத்தை மாற்ற வேண்டுமானால் தண்ணீரின் சூட்டை மாற்றுங்கள், அளவை மாற்றாதீர்கள். கலக்குவது 45 நொடி முதல் ஒரு நிமிடம், கிண்ணத்தின் சுவரில் அழுத்தித் தேய்த்து. வாயில் வைக்கும் முன் விரலால் கொஞ்சம் எடுத்துக் கடைவாய்ப்பற்களின் கடிபரப்பில் தேய்த்துவிட வேண்டும். காற்றுக்குமிழி அதிகம் சிக்குவது அங்கேதான். அந்தச் சின்னக் குமிழி பிறகு என்ன செய்யும் என்பதைக் கீழே சொல்கிறோம்.

முதலில் கீழ்த்தாடை எடுங்கள். குமட்டல் குறைவு, வந்தவருக்கும் பழகிவிடும். மேல்தாடைக்கு நிமிர்ந்து உட்கார வைத்து, ட்ரேயின் பின்பக்கத்தை முதலில் அமுக்கி, பிறகு முன்பக்கம். அப்போது உபரி தொண்டைப்பக்கம் ஓடாமல் முன்னால் வரும். இறுகிவிட்டது என்று தோன்றிய பிறகும் இரண்டு நிமிடம் விட வேண்டும். கழற்றுவது ஒரே வேக இழுப்பில். ஆட்டி ஆட்டிக் கழற்றினால் அச்சு உருக்குலையும்.

கழற்றிய உடனே பார்க்க வேண்டியது பற்களை அல்ல, ட்ரே விளிம்பை. ஆல்ஜினேட் ட்ரேயிலிருந்து எங்காவது பிரிந்திருந்தால் மேலே எவ்வளவு அழகாக இருந்தாலும் தூக்கிப் போட்டுவிட்டு மீண்டும் எடுங்கள். அழுத்தி ஒட்டவைத்த அச்சிலிருந்து வரும் மாடலில் வளைவின் அகலம் மாறியிருக்கும், பார்த்தால் தெரியாது.

ஓடும் நீரில் எச்சிலைக் கழுவி, கிருமிநாசினி தெளித்து, மூடிய பையில் 10 நிமிடம். மறுபடி கழுவி உடனே ஊற்ற வேண்டும். ஆல்ஜினேட் காற்றில் இருந்தால் நீரை இழந்து சுருங்கும். ஈரத்துணியில் ஊறவிட்டால் நீரை உறிஞ்சி வீங்கும். ‘ஈரமாகச் சுற்றி வைத்திருக்கிறேன், மாலையில் ஊற்றலாம்’ என்பது பழக்கத்தில் ஊறிய தவறு. அரை மணி நேரத்துக்கு மேல் தள்ளிப் போட வேண்டிய நிலை அடிக்கடி வந்தால் அந்த இடத்துக்கு ஆல்ஜினேட் பொருந்தாது, ஸ்கேனர்தான் சரி. இன்னொன்று: அச்சை மேசையில் வைக்கும்போது ட்ரேக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பின்பகுதி மேசையில் இடித்து மேலே தள்ளப்படக் கூடாது. இரண்டாம் கடைவாய்ப்பல் மாடலில் வினோதமாகச் சாய்ந்திருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஊற்றுவதும் வெட்டுவதும்

சாதாரண பிளாஸ்டருக்கு 100 கிராமுக்கு 45 முதல் 50 மி.லி. நீர். டென்டல் ஸ்டோனுக்கு (இன்னும் கடினமான வகை) 28 முதல் 30 மி.லி. கண்ணளவில் கலப்பவர்கள் ஊற்ற வசதியாக நீரைக் கூட்டுவார்கள். அப்படிச் செய்தால் மாடல் மென்மையாகி, அகலம் அளக்கும் காலிப்பரின் முனை பட்டாலே கீறும். தூளை நீரில் போட வேண்டும், நீரைத் தூளில் ஊற்றக் கூடாது. வைப்ரேட்டரில் அச்சை வைத்து, ஒரு பக்கத்துக் கடைசிப் பல்லின் மூலையில் சிறு துளியாக விட்டு, அது ஒவ்வொரு பல்லாக நிரப்பிக்கொண்டு மறுபக்கம் போய்ச் சேரும்வரை பொறுமையாக இருக்க வேண்டும். நடுவில் அவசரப்பட்டு ஒரு கரண்டி கொட்டினால் கீழ் வெட்டுப்பற்களின் முனையில் காற்று மாட்டும்.

45 நிமிடம் முதல் ஒரு மணி நேரத்தில் பிரித்துவிட வேண்டும். இரவு முழுக்க விட்டால் காய்ந்த ஆல்ஜினேட் பல்லின் மேற்பரப்பைச் சுரண்டும், பிரிக்கும்போது மெல்லிய கீழ் முன்பற்கள் உடையும். உடைந்த பல்லை ஒட்டினால் அடிப்பாகத்தில் ‘ஒட்டியது’ என்று எழுதிவிடுங்கள். அந்தப் பல்லின் உயரத்தையும் சாய்வையும் யாரும் நம்பக் கூடாது.

அடிப்பாகத்தை வெட்டும் ட்ரிம்மரில் வைக்கும் முன் மாடல் ஈரமாக இருக்க வேண்டும். ஆனால் வெறும் தண்ணீரில் நெடுநேரம் ஊறப்போட்டால் ஜிப்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மேற்பரப்பின் நுணுக்கம் போகும். ட்ரிம்மரில் வழியும் பிளாஸ்டர் கலந்த நீரைத் தெளியவிட்டு அதில் ஊறவைப்பது பழைய, நல்ல வழி. மேல் மாடலின் பின்வெட்டு அண்ணத்தின் நடுக்கோட்டுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். பற்களின் நடுக்கோட்டை வைத்து வெட்டினால் ஏற்கெனவே விலகிய நடுக்கோடு ‘நேராக’ தெரியும், வளைவின் ஒருபக்கச் சரிவு மறைந்துவிடும். மேல் மாடலின் முன்பக்கம் கூர்மையாக, கீழ் மாடலின் முன்பக்கம் கோரைப்பல்லுக்குக் கோரைப்பல் வளைவாக. பின்வெட்டை மட்டும் இரண்டு மாடலையும் மெழுகுக் கடியோடு (வாயில் மெழுகைக் கடிக்கவைத்து எடுத்த பதிவு) சேர்த்துப் பிடித்து ஒன்றாக வெட்ட வேண்டும். அப்போதுதான் இரண்டையும் பின்பக்கமாக மேசையில் நிறுத்தினால் தானாகவே சரியான கடியில் நிற்கும். எத்தனை வருடம் கழித்து யார் எடுத்தாலும் கடி எது என்ற சந்தேகம் வராது.

இப்போது அந்தக் குமிழி. ஆல்ஜினேட்டில் இருந்த வெற்றிடம் பிளாஸ்டரில் ஒரு மணியாக வரும், கடுகளவுகூட இருக்காது. இரண்டாம் கடைவாய்ப்பல்லின் குழியில் அந்த மணி இருந்தால் பின்னால் அரை மி.மீ. உயரும், முன்னால் அதுபோல் இரண்டு மூன்று மடங்கு திறக்கும். வாயில் 4 மி.மீ. இருந்த ஓவர்பைட் மாடலில் 3-ஐத் தொட்டு நிற்கும். கையில் சேர்த்துப் பிடித்து அழுத்தினால் மாடல் ஊசலாடும், அதுதான் அடையாளம். மூன்று இடத்தில், அதாவது இரண்டு பக்கக் கடைவாயிலும் முன்பக்கத்திலும், ஆடாமல் உட்காரும் வரை மணிகளைக் கூர்மையான கருவியால் நோண்டி எடுக்க வேண்டும். அதன் பிறகு கேஸ் ஷீட்டில் எழுதிய ஐந்து விவரங்களோடு ஒப்பிடுங்கள். ஒரு மில்லிமீட்டர் வேறுபட்டால் வாயில்தான் மறுபடி பார்க்க வேண்டும். ஷீட்டைத் திருத்தக் கூடாது.

ஸ்கேன் செய்யும்போது

ஸ்கேனர் ஒரே படம் எடுப்பதில்லை. சிறு சிறு படங்களை எடுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு ஒட்டிலும் மிகச் சிறிய பிழை சேரும். ஒரு பல்லின் அகலம் நன்றாக வரும். ஒரு கடைசிக் கடைவாயிலிருந்து மறுபக்கக் கடைசிக் கடைவாய் வரையிலான தூரத்தில்தான் பிழை கூடியிருக்கும். அதனால் பாதையை மாற்றக் கூடாது. ஒரு பக்கத்துக் கடைசிப் பல்லின் கடிபரப்பில் தொடங்கி மறுகோடி வரை, பிறகு நாக்குப் பக்கமாகத் திரும்பி, கடைசியில் கன்னப்பக்கம். கீழ் வெட்டுப்பற்களின் விளிம்பு மெல்லியது என்பதால் ஸ்கேனர் அங்கே இடம் தவறும். அந்த இடத்தில் மட்டும் முனையைச் சற்று இருபக்கமும் சாய்த்துச் சாய்த்து நகர்த்த வேண்டும். பல் உலர்ந்திருக்க வேண்டும். எச்சில் தேங்கிய குழியில் ஒளி சிதறி, இல்லாத மேடு ஒன்று உருவாகும். பிளாஸ்டரின் மணிக்கு டிஜிட்டலில் இணை இதுதான்.

அண்ணத்தையும் எடுங்கள். அலைனருக்கு (பல்லை நகர்த்தும், கழற்றி மாட்டும் உறை) தேவையில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் நடுக்கோட்டைப் பார்க்கவும் வளைவின் சமச்சீரைப் பார்க்கவும் அண்ணம் வேண்டும். ஆறு மாதம் கழித்துப் புது ஸ்கேனைப் பழையதன் மேல் பொருத்தும்போது மூன்றாவது அண்ண மடிப்புப் பகுதிதான் ஓரளவு மாறாத அடையாளம். கீழ்த்தாடையில் அப்படி நம்பத்தக்க இடம் கிடையாது.

கடி ஸ்கேன் எடுக்கும்போது முனை கன்னத்தை வெளியே தள்ளும். வந்தவர் அறியாமலே தாடையைக் கொஞ்சம் ஒதுக்குவார், அல்லது முழுதாகக் கடிக்காமல் நிற்பார். இரண்டு மூன்று முறை கடித்துப் பழக்கிவிட்டு, ஸ்கேனர் உள்ளே போன பிறகு மறுபடி ‘பின் பல்லில் கடிங்க’ என்று சொல்லி, எதிர்ப்பக்கம் கண்ணால் பார்த்த பிறகே எடுக்க வேண்டும். இரு பக்கமும் தனித்தனியாக. முடிந்ததும் திரையில் தொடுபுள்ளி வண்ணப்படத்தைத் திறந்து, வாயில் ஆர்ட்டிகுலேட்டிங் பேப்பர் (பல் தொடும் இடத்தில் நிறம் பதிக்கும் தாள்) வைத்துக் கடித்த புள்ளிகளோடு ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் பல் பல்லுக்குள் புகுந்தும் மறுபக்கம் தொடாமலும் இருந்தால் கடி சாய்ந்திருக்கிறது. மென்பொருளில் நகர்த்திச் சரிசெய்யும் வசதி இருக்கும். தயவுசெய்து அதைத் தொடாமல் கடியை மட்டும் மறுபடி எடுங்கள். ஒரு நிமிட வேலை.

அளவெடுப்பது: ஒரு கணக்கு

மேல், கீழ்ப் பற்களின் அகலங்கள் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்கப் போல்டன் 1958-ல் தந்த விகிதம் இருக்கிறது. கீழ் 12 பற்களின் அகலக் கூட்டலை மேல் 12 பற்களின் கூட்டலால் வகுத்தால் 91.3 சதவீதம், முன் ஆறு பற்களுக்கு 77.2. மேல் 12 பற்களின் கூட்டல் 94.0, கீழ் 87.5 என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 93.1. மேலுக்கு ஏற்ற கீழ் அளவு 94.0-ல் 91.3 சதவீதம், அதாவது 85.8. கீழே சுமார் 1.7 மி.மீ. கூடுதல். உடனே கீழ் முன்பற்களின் பக்கங்களைத் தேய்த்து அகலத்தைக் குறைக்கலாம் என்று முடிவெடுக்கத் தோன்றும்.

ஆனால் கீழ்ப் பற்களை அளந்தபோது ஒவ்வொன்றிலும் 0.1 மி.மீ. கூட்டி அளந்திருந்தால்? 12 பற்களில் 1.2 மி.மீ. அந்த 1.7-ல் பெரும்பகுதி கையின் பிழை, பல்லில் இல்லை. காலிப்பர் 0.01 வரை காட்டுகிறது என்பதால் அளவும் அவ்வளவு துல்லியம் என்று நினைத்துவிடக் கூடாது. நெரிசலாக உள்ள பற்களில் முனை தொடுபுள்ளிக்குள் போகாது, அதனால் சாய்த்துப் பிடிக்கிறோம், சாய்த்தால் அளவு மாறுகிறது. முனையைத் தீட்டி மெல்லியதாக்கிக்கொள்ளுங்கள். 12 பற்களையும் அளந்து முடித்து, தாளை மூடிவைத்துவிட்டு, வேறொரு நாள் மறுபடி அளந்து இரண்டின் சராசரியை எடுங்கள். ஒரே பல்லில் இரு அளவுக்கும் 0.2-க்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாம் முறை.

திரையில் அளப்பது எளிது, பெரிதாக்கிப் பார்க்கலாம், குறுக்கே வெட்டி ஓவர்ஜெட்டை நேராக அளக்கலாம். ஆனால் பற்கள் ஒட்டி நிற்கும் இடத்தை ஸ்கேனர் பார்க்கவே இல்லை. மென்பொருள் பற்களைத் தனித்தனியாகப் பிரிக்கும்போது அந்த மறைந்த பரப்பை ஊகித்து நிரப்புகிறது. தானியங்கிப் பிரிப்பு தந்த அகலங்களை அப்படியே போல்டனில் போடாமல், ஒவ்வொரு பல்லின் தொடுபுள்ளியையும் சுழற்றிப் பார்த்து நகர்த்த வேண்டும். குறிப்பாகச் சுழன்று நிற்கும் முன்கடைவாய்ப்பற்களில் புள்ளி முன்பின் பக்கத்தை விட்டுக் கன்னப்பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கும்.

பால்பல்லும் நிலைப்பல்லும் கலந்துள்ள பிள்ளைகளுக்கு டனாகா, ஜான்ஸ்டன் 1974-ல் தந்த கணக்கு வசதியானது: கீழ் நான்கு வெட்டுப்பற்களின் கூட்டலில் பாதியோடு, கீழ்த்தாடையின் ஒரு பக்கத்துக்கு 10.5, மேல்தாடையின் ஒரு பக்கத்துக்கு 11.0 சேர்க்க வேண்டும். கூட்டல் 23 என்றால் முளைக்கப்போகும் கோரைப்பல்லுக்கும் இரு முன்கடைவாய்ப்பற்களுக்கும் கீழே 22, மேலே 22.5. இது மதிப்பீடு. எல்லாச் சமூகத்தினருக்கும் ஒன்றுபோல் பொருந்தாது என்பதை மனதில் வைத்து, எல்லைக்கோட்டில் நிற்கும் கேஸில் எக்ஸ்ரேயையும் சேர்த்துப் பாருங்கள்.

செட்டப்

எந்தப் பல்லை எடுப்பது, எடுக்காமல் முடியுமா என்ற குழப்பத்துக்கு மாடலிலேயே பற்களை நகர்த்தி அடுக்கிப் பார்ப்பதை, அதாவது செட்டப்பை, போல் தெளிவு தருவது வேறில்லை. பிளாஸ்டரில் பற்களை அறுத்து மெழுகில் மறுபடி அடுக்கும் கெஸ்லிங் முறையில் ஒரு நுணுக்கம்: வாள் பல்லின் அடிப்பக்கத்திலிருந்து தொடுபுள்ளியை நோக்கி வர வேண்டும், தொடுபுள்ளிக்குச் சற்று முன்பே நின்றுவிட வேண்டும். மீதியை விரலால் முறித்துப் பிரிக்க வேண்டும். தொடுபுள்ளி வழியே அறுத்தால் வாளின் தடிமன் அளவுக்குப் பல் குறையும், இல்லாத இடம் கிடைத்துவிடும், நெரிசல் தீர்ந்ததுபோல் தெரியும். கடைசிக் கடைவாய்ப்பற்களை அறுக்காமல் விட்டால் உயரம் தொலையாது. கீழ் வெட்டுப்பற்களைத் திட்டமிட்ட சாய்வில் முதலில் வைத்து, கோரைப்பல், முன்கடைவாய்ப்பல் என்று கீழ் வளைவை முடித்துவிட்டு, மேல் பற்களை அதற்குப் பொருத்த வேண்டும்.

திரையில் இதே வேலை நிமிடங்களில் முடியும். இரண்டு முன்கடைவாய்ப்பல் எடுத்த திட்டம், நான்கு எடுத்த திட்டம், எடுக்காமல் தேய்த்த திட்டம் என மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இது டிஜிட்டலின் பெரிய பலம். இதில்தான் ஆபத்தும் இருக்கிறது. பிளாஸ்டரில் பல்லை எலும்புக்கு வெளியே வைத்தால் அடிப்பாகம் இடித்துக் காட்டிக்கொடுக்கும். திரையில் எதுவும் இடிக்காது. பல பற்கள் அழகாக வரிசையில் வந்து நிற்கும் அசைவுப்படத்தைப் பார்த்து மயங்காமல், ஒவ்வொரு பல்லும் எத்தனை மி.மீ., எத்தனை டிகிரி நகர்ந்திருக்கிறது என்ற அட்டவணையைத் திறந்து படியுங்கள். கீழ்க் கோரைப்பற்களுக்கு இடையேயான அகலம் கூடியிருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும், கூட்டினால் சிகிச்சை முடிந்த பிறகு மறுபடி குறுகும் வாய்ப்பு அதிகம். திரையில் தெரியும் வேர் மென்பொருள் வைக்கும் பொதுவான வடிவம், அவ்வளவுதான். உண்மை வேர் வேண்டுமானால் சி.பி.சி.டி. (முப்பரிமாண எக்ஸ்ரே) எடுத்துப் பொருத்தியிருக்க வேண்டும்.

அச்சிடுவதும் கோப்பும்

ஸ்கேனிலிருந்து ரெசினில் (ஒளியில் இறுகும் திரவம்) அச்சிட்ட மாடல் குதிரைலாட வடிவில், நடுவே வெற்றாக இருந்தால் கழுவி ஒளியில் கடினமாக்கும்போது பின்முனைகள் உள்ளே வளையும். பின்னால் ஒரு குறுக்குச் சட்டம் கொடுத்தோ, முழு அடிப்பாகத்தோடோ அச்சிடுங்கள். ஆல்கஹாலில் கழுவியதை முழுதாக உலரவிடாமல் ஒளியில் வைத்தால் மேற்பரப்பு பிசுபிசுக்கும், அலைனர் தாள் ஒட்டிக்கொள்ளும். புது ரெசின் பாட்டில் திறக்கும்போதெல்லாம் ஒரு மாடலில் கடைவாய்ப்பல்லுக்குக் கடைவாய்ப்பல் தூரத்தைக் காலிப்பரில் அளந்து, திரையில் உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். 0.3 மி.மீ. தாண்டினால் அமைப்பைத் திருத்தும் வரை சாதனம் எதுவும் அதில் செய்ய வேண்டாம்.

ஸ்கேனின் முப்பரிமாண வடிவத்தைச் சேமிக்கும் எஸ்.டி.எல். கோப்பில் அலகு கிடையாது. மி.மீ. என்று நினைத்து அனுப்பியதை அந்தப்பக்கம் அங்குலமாகத் திறந்தால் மாடல் 25.4 மடங்கு பெரிதாகும். அது பார்த்தவுடன் தெரிந்துவிடும் பிழை. தெரியாத பிழை இது: மேல், கீழ் கோப்புகளைத் தனித்தனியாக ஏற்றுமதி செய்யும்போது கடியில் உள்ள நிலையோடு ஏற்றுமதி செய்யாவிட்டால் இரண்டுக்கும் உள்ள உறவு தொலைந்துவிடும். லேபில் இருப்பவர் பொருந்துவதுபோல் தெரியும் ஏதோ ஒரு கடியில் சேர்த்துவிடுவார். அனுப்பும் முன் இரண்டு கோப்பையும் வேறொரு இலவச மென்பொருளில் திறந்து, கடி நிற்கிறதா என்று பாருங்கள். கூடவே அந்த ஐந்து விவரங்களையும் எழுதி அனுப்புங்கள்.

வளரும் பிள்ளையின் மாடல் ஆறு மாதத்துக்கு மேல் பழையதாகிவிட்டால், பிளாஸ்டரோ ஸ்கேனோ, புதிதாக எடுத்துவிட்டே பல் எடுக்கச் சீட்டு எழுத வேண்டும். பால்பல் விழுந்திருக்கும், கடைவாய்ப்பல் முன்னே வந்திருக்கும், மாடலில் இருந்த 2 மி.மீ. இடம் வாயில் இருக்காது.